ஐன்ஸ்டைனை எதிர்த்தவரை எதிர்க்க ஓர் ஆள்

"மாஸ்டர், அழைப்பிதழ் இந்த மாதக் கடைசியில அச்சுக்குப் போகுது. ஆய்வுரை எண்ட இடத்தில ஆரின்ரை பேரைப் போட?"

தொலைபேசியில் கேட்டவர் கனகலிங்கம். குட்மேய்ஸில் சிறிய அச்சகம் ஒன்று வைத்திருப்பவர். அந்தப் பகுதித் தமிழர் கலை வட்டத்துக்குத் தலைவரும் அவர்தான். புத்தகத்தை அச்சடிப்பவரும் அவர், அதை வெளியிட்டு வைப்பவரும் அவர். அழுகிற குழந்தையும் தாலாட்டுகிற தாயும் ஒருவரே என்றால் வேலை சுலபம்.

"ஆரெண்டாலும் பறவாயில்லை. என்னை எதிர்த்துப் பேசுற ஆளாய் இருக்க வேணும்," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர்.

மறுமுனையில் பேனையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"என்ன காணும், விளங்கேல்லையே?"

"எதிர்த்தோ? வெளியீட்டு விழாவிலயோ? மாஸ்டர், கலியாண வீட்டில ஆரும் எழும்பி நிண்டு மாப்பிள்ளைக்கு நோய் வருத்தம் இருக்கெண்டு சொல்லுறவையே?"

"வருத்தம் இருந்தால் சொல்லத்தானே வேணும்?"

"சொல்லலாம். சாப்பாடு கிடைக்காது," என்றார் கனகலிங்கம்.

மாஸ்டர் றிசீவரை அடித்து வைத்தார். அது சரியாக உட்காராமல் தொங்கியது. திரும்ப எடுத்து இன்னொரு தடவை அடித்து வைத்தார்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் இருபத்தொரு வருடம் தூய கணிதம் படிப்பித்தவர். எண்பத்து நாலில் லண்டனுக்கு வந்தார். ஒன்பது வருடமாக இல்போர்டில் ஓர் ஆறு மாடிக் கார் பார்க்கின் வாசலில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, காசை வாங்கித் தடியை உயர்த்திவிடுகிறார். தடியை உயர்த்துவதற்கும் அடுத்த கார் வருவதற்கும் இடையில் நேரம் கிடந்தது. அந்த நேரத்தில் லைபிரரிப் புத்தகங்கள் வாசித்தார். அப்படி முதல் வருடமே வாசித்த ஒன்றில்தான் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைக் கணிதத்தால் நிறுவும் பகுதி வந்தது. வாசித்த அன்றைக்கு மூன்று கார்கள் காசு கொடுக்காமலே வெளியில் போயின.

விஷயம் இதுதான். ஒளியின் வேகம் தெரியும். அது போன தூரத்திலிருந்து வேகத்தையும் நேரத்தையும் பெருக்கி வருவதைக் கழித்தால் மிச்சம் பூச்சியம். ஓடுகிற ரயிலுக்குள் இருப்பவர் தன் அளவுகோலாலும் தன் மணிக்கூட்டாலும் அதே கணக்கைப் பார்த்தாலும் மிச்சம் பூச்சியம். அதற்குப் பிறகு, அந்தப் பூச்சியம் இந்தப் பூச்சியத்தின் இத்தனை மடங்கு என்று ஒரு சமன்பாடு எழுதப்படுகிறது. அந்த 'இத்தனை' மேல்தான் மிச்சக் கட்டடம் முழுவதும் நிற்கிறது.

பூச்சியத்தின் எத்தனை மடங்கும் பூச்சியந்தானே? பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரித்தால் என்ன வரும்? ஒன்றும் வராது, அடிதான் வரும். பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் இதைச் செய்திருந்தால் மாஸ்டர் அவனை வாங்கின்மேல் ஏற்றி, பாடம் முடியும்வரை நிற்க வைத்திருப்பார். உலகம் இதைச் செய்த மனிதருக்குச் சிலை வைத்திருக்கிறது.

மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் நாற்பத்தொரு பக்கம் எழுதி இருபத்திரண்டு பேராசிரியர்களுக்கு அனுப்பினார். பதினேழு பேர் பதில் போடவில்லை. நாலு பேர் அச்சடித்த நன்றிக் கடிதம் அனுப்பினார்கள். ஒருவர் மட்டும் தன் கையால் எழுதியிருந்தார்: தங்கள் கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை மாஸ்டர் எட்டாகக் கிழித்தார். பதில் போடாதவனைக்கூட மன்னிக்கலாம், கையெழுத்தைப் பாராட்டியவனை எப்படி மன்னிப்பது?

அப்போதுதான் கனகலிங்கம் வந்து, "வெள்ளைக்காரன் வாசிக்காட்டி விடுங்கோ மாஸ்டர். தமிழில போடுவம். எங்கடை சனம் வாசிக்கும்," என்றார். வாழ்க்கையில் பிழையான கணக்கே போட்டிராத மாஸ்டர் இந்தக் கணக்கை மட்டும் சரிபார்க்காமல் நம்பினார். புத்தகம் எழுபத்தாறு பக்கம். தலைப்பு 'ஒளியும் பூச்சியமும்'. முந்நூறு பிரதி.

"இஞ்சருங்கோ, ஆரும் உங்களை நல்லாச் சொன்னால் உங்களுக்கு எங்கை நோகுது?" என்று கேட்டார் பாலாம்பிகை. மாஸ்டரின் மனைவி. ஊரில் வீட்டோடு இருந்தவர், இப்போது மனோர் பார்க்கில் ஒரு சலவைக் கடையில் மற்றவர்களுடைய சட்டைகளுக்கு அயர்ன் போடுகிறார்.

"வாசிக்காமல் நல்லாச் சொல்லுறவன் கள்ளன்."

"அப்ப நானும் கள்ளியோ?"

"நீர் நல்லா இருக்கெண்டு சொல்லேல்லையே."

"நான் வாசிக்கவும் இல்லை."

"அதுதான் சொல்லுறன். இந்த லண்டனில நேர்மையான ஆள் நீர் ஒருத்திதான்," என்றார் மாஸ்டர். அதையும் கோபமாகத்தான் சொன்னார்.

உள்ளதைச் சொன்னால், மாஸ்டருக்குப் புகழில் ஆசை இல்லை. கரும்பலகையை விட்டு வந்த ஒன்பது வருடத்தில் ஒருவராவது அவரைப் பார்த்து, "சேர், இந்த வரி எனக்கு விளங்கேல்லை," என்று சொல்லவில்லை. "சில்லறை இல்லை" என்றுதான் சொன்னார்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து, வரி வரியாக வாசித்து, இந்த இடத்தில் பிழை விட்டீர் என்று சொன்னால் போதும். அந்த ஆசை அவருக்குள் இருந்து அறுத்துக்கொண்டிருந்தது. பசித்தவனுக்குப் பன்னீர் தெளிப்பதுபோல் எல்லாரும் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்ததில் பத்மநாதனின் ஞாபகம் வந்தது. ஸ்ட்ரெதமில் இருக்கும் இஞ்சினியர். பேராதனையில் பட்டம் எடுத்தவர், பௌதிகம் படித்தவர். அவருக்குப் புத்தகத்தின் முதல் அச்சுப்படியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது என்று முடிவாயிற்று. கனகலிங்கத்தின் அச்சகத்தில் எடுத்திருந்தது ஒரே ஒரு படி. அதை மாஸ்டர் இன்னும் சரிபார்த்திருக்கவில்லை. சரிபார்ப்பதைவிட எதிரியைத் தேடுவது அவசரமாக இருந்தது.

மாஸ்டர் வாத்தியார். வாத்தியார் புத்தி போகாது. புறப்படுவதற்கு முன் குசினிக்குள் போய் ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்துவந்து, பன்னிரண்டாம் பக்கத்தையும் பதின்மூன்றாம் பக்கத்தையும் ஓரத்தில் ஒட்டினார். வாசிக்கிறவன் அதைப் பிரிக்காமல் அப்பால் போகமுடியாது.

அன்றைக்குப் பார்த்துத் தொலைபேசி ஓயவில்லை. மண்டபத்துக் காவலாளி எத்தனை கதிரை என்று கேட்டார். கனகலிங்கம் பொன்னாடை பச்சையா சிவப்பா என்று கேட்டார். மாஸ்டர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்கும்போது மூன்றாவது தடவையும் அடித்தது.

"அச்சகத்தில கம்ப்யூட்டரில எழுத்துக் கோர்க்கிற பிள்ளை, டொலறஸ். எங்கையோ ஒரு பக்கத்தில சந்தேகமாம்," என்று பாலாம்பிகை றிசீவரைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"எழுத்தில கொம்பு பிழைச்சிருக்கும், இல்லாட்டி அரவு பிழைச்சிருக்கும். பிழையைக் கண்டால் திருத்தச் சொல்லும். அதுக்கும் நானே வரவேணும்? எனக்கு ரயில் போகுது."

இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்து ஸ்ட்ரெதமுக்குப் போய்ச் சேர்ந்தார். பத்மநாதன் அச்சுப்படியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். 

"ஒற்றாதையும் காணும், வாசியும். வாசிச்சுப்போட்டு என்னை எதிர்த்துப் பேச வேணும்."

"மாஸ்டர், உங்களை எதிர்க்க நான் ஆர்?"

"நீர் பௌதிகம் படிச்சனீர். நான் சொல்லுறது சரியெண்டால் நீர் படிச்சதெல்லாம் பிழை. உமக்குக் கோபம் வரேல்லையே?"

"எனக்கேன் மாஸ்டர் கோபம்? நான் இப்ப தண்ணிக் குழாய்தானே பாக்கிறன்," என்றார் பத்மநாதன்.

பத்து நாள் கழித்து அச்சுப்படி தபாலில் திரும்பி வந்தது. கூடவே இரண்டு பக்கக் கடிதம். அற்புதம், அபாரம், தமிழனின் தலை நிமிர்ந்தது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். கடைசிப் பந்தியில் இப்படி இருந்தது: 'குறிப்பாகப் பதின்மூன்றாம் பக்கத்தில் தாங்கள் வைத்திருக்கும் வாதம் என் நித்திரையைக் கெடுத்துவிட்டது.'

மாஸ்டர் அச்சுப்படியை எடுத்துப் புரட்டினார். பன்னிரண்டும் பதின்மூன்றும் ஒட்டியபடியே இருந்தன. பருக்கை காய்ந்து கல்லாகியிருந்தது.

"இஞ்சை பாரும். இஞ்சை வந்து பாரும்," என்று கத்திக்கொண்டு படிகளில் இறங்கி வந்தார். பாலாம்பிகை பார்த்தார்.

"நல்ல சோறு. பசுமதி இப்பிடி ஒட்டாது," என்றார்.

மாஸ்டர் அந்த நிமிடமே ஸ்ட்ரெதமுக்குப் போன் எடுத்தார். அவர் பேசியதை இங்கே எழுதமுடியாது. வாங்கின்மேல் ஏறி நில் என்பதைத் தவிர மற்ற எல்லாமே மோசமானவை. பத்மநாதன் கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் ரெண்டு பிள்ளையின்ரை தகப்பன் மாஸ்டர். எனக்குச் சோதினை வைக்கிறீங்களோ?" என்று தழுதழுத்த குரலில் கேட்டு, போனை வைத்தார்.

அடுத்த நாள் கனகலிங்கம் ஓடிவந்தார்.

"என்ன வேலை பாத்தனீங்கள்? அந்தாள் கலை வட்டத்துக்கு எவ்வளவு செய்தது. இப்ப ராசிநாமா எண்டு நிக்குது."

"அவர் வாசிக்கேல்லை."

"ஆர் மாஸ்டர் வாசிக்கிறது? புத்தகம் எண்டா வெளியிடுறதுக்குத்தானே. நான் ஒரு மாதிரிச் சமாளிச்சுப் போட்டன். அவரைப் பிரதம விருந்தினராப் போட்டாச்சு."

"என்னது?"

"ஆய்வுரையும் அவர்தான். அவரைப் போட்டதால ஈஸ்ட் ஹாம் ஆக்கள் கோவிச்சினம். அதுக்காக அவையில நாலு பேருக்கு வாழ்த்துரை. முந்தி நாலு. இப்ப எட்டு."

ஒரு முதுகெலும்பைத் தேடிப்போனவருக்கு வாழ்த்துரைக்கு ஒன்றாக எட்டுப் பொன்னாடை கிடைத்தது. இதுதான் எங்கள் சனத்தின் குணம். சண்டை பிடித்தால் சமாதானத்துக்கு மைக்கைக் கொடுப்பார்கள்.

மாஸ்டர் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் கார் பார்க்கின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, தன் புத்தகத்துக்குத் தானே எதிர்ப்பு எழுதத் தொடங்கினார். யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்றால் எதிர்ப்பையும் எழுதிக் கொடுக்கவேண்டியதுதான். ஒன்று கையில் கிடைத்தால் பத்மநாதன் மேடையில் வாசிப்பார், அதைக் கேட்டு யாராவது எழும்பி இன்னொன்று கேட்பார்கள், வாதம் பிடித்துக்கொள்ளும்.

'இந்த நூலாசிரியருக்கு அடிப்படைக் கணிதமே தெரியாது' என்று முதல் வரி எழுதினார். எழுதியவனின் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுக்க வேண்டும்போல் அவருக்கே இருந்தது. ஆனாலும் விடாமல் நாலு பக்கம் எழுதினார். எழுத்தைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று இடக்கையால் எழுதினார். கையெழுத்துப் போடாமல், 'ஆய்வுரைக்கு உதவக்கூடும்' என்று மேலே ஒரு வரி போட்டு, ஸ்ட்ரெதமுக்குத் தபாலில் அனுப்பினார்.

விழா ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மனோர் பார்க்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். அழைப்பிதழில் பின்னேரம் நாலு மணி. ஐந்தே கால் ஆகியும் குத்துவிளக்குக்குத் திரி வந்து சேரவில்லை. புத்தகங்கள் காலையில்தான் அச்சகத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்திருந்தன. மாஸ்டர் ஒரு பெட்டியில் கை வைத்தார்.

"தொடாதேங்கோ," என்று கனகலிங்கம் பாய்ந்து வந்தார். "மேடையில கட்டு அவிழ்த்து முதற்பிரதி குடுக்கிறதுக்கு முதல் ஆரும் பிரிக்கக் கூடாது. எழுதினவர்கூடத் தொடுறேல்லை. அது முறையில்லை."

"நான் எழுதின புத்தகம் காணும்."

"பெத்த தகப்பனும் தாலி கட்டுற வரைக்கும் தள்ளித்தான் நிக்க வேணும்."

இந்த மனிதனுக்குக் கலியாணத்தை விட்டால் வேறு உதாரணமே வராதோ என்று எரிந்துகொண்டு, மாஸ்டர் முன்வரிசையில் போய் இருந்தார்.

தொண்ணூறு பேர் வந்திருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம் குசினி. அதன் யன்னல் வழியாக வடை பொரியும் மணம் வந்துகொண்டிருந்தது. சனத்தில் பாதிப்பேர் மேடைக்கு முதுகைக் காட்டாமல் குசினியைப் பார்க்கும் வித்தை தெரிந்தவர்களாக இருந்தார்கள்.

முதற்பிரதியைச் சுற்றியிருந்த பூப்போட்ட தாளைப் பத்மநாதன் அவிழ்த்தார். நகைக்கடை முதலாளி ஒருவர் அதை வாங்கி, கமராவைப் பார்த்துச் சிரித்து, அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு வாழ்த்துரைகள் தொடங்கின.

"ஐன்ஸ்டைனை எனக்குத் தெரியாது. ஆனால் மாஸ்டரை முப்பது வருடமாகத் தெரியும். ஆகவே மாஸ்டர் சொல்வதுதான் சரி," என்றார் முதலாமவர். கைதட்டல்.

இரண்டாமவர் வெண்பா பாடினார். மூன்றாமவர், ஒளியைப் பற்றி எங்கள் முன்னோர் சொல்லாததா என்று கேட்டார். என்ன சொன்னார்கள் என்பதைச் சொல்லவில்லை. நாலாமவர் மிகவும் நேர்மையானவர். "நூலை நான் இன்னும் வாசிக்கவில்லை. வாசிக்காமலே இவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்றால், வாசித்தால் எப்படி இருக்கும்," என்றார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

ஒவ்வொரு வாழ்த்துரை முடியவும் ஒரு பொன்னாடை. ஆனி வெயிலில், கோட்டுச் சூட்டின்மேல், ஒன்றன்மேல் ஒன்றாக எட்டு. மாஸ்டரின் காதுவரை ஜரிகை ஏறிவிட்டது. உள்ளே அவர் அவிந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு மூச்சு விட ஏலுதே?" என்று பாலாம்பிகை பக்கத்திலிருந்து கேட்டார்.

"பொறும். இப்ப ஆய்வுரை. இப்ப பாரும்."

பத்மநாதன் எழும்பினார். சட்டைப் பையிலிருந்து நாலு தாள்களை எடுத்தார். மாஸ்டர் அவற்றை அடையாளம் கண்டுகொண்டார். 

"அவையோரே, என் முகவரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறது. 'இந்த நூலாசிரியருக்கு அடிப்படைக் கணிதமே தெரியாது' என்று அது தொடங்குகிறது."

 மாஸ்டர் கதிரையின் நுனிக்கு வந்தார்.

"எழுத்தைப் பார்த்தால் படிப்பறிவில்லாத ஒருவர் எழுதியதுபோல் தெரிகிறது. ஒரு தமிழன் உயர்ந்தால் இன்னொரு தமிழனுக்குப் பொறுக்காது. இதை எழுதிய பொறாமைக்காரர் இந்த மண்டபத்தில் இருந்தால் அவருக்கு ஒன்று சொல்வேன். உம்மைப்போல் நூறு பேர் வந்தாலும் எங்கள் மாஸ்டரின் காலடித் தூசுக்குச் சமமாக மாட்டீர்."

தாள்களை நாலாகக் கிழித்து மேடையில் போட்டார். மண்டபமே எழும்பி நின்று கைதட்டியது. பாலாம்பிகையும் தட்டினார். பக்கத்தில் இருந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"ஏற்புரை. நூலாசிரியர் ஸ்ரீஸ்கந்தராஜா மாஸ்டர் அவர்கள்," என்று கனகலிங்கம் மைக்கில் அழைத்தார்.

மாஸ்டர் மேடையேறினார். முதலில் பொன்னாடைகளைக் கழற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டையும் கழற்றி மேசையில் எறிந்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"அந்தக் கடிதத்தை எழுதின பொறாமைக்காரன் நான்தான்," என்றார்.

சனம் சிரித்துக் கைதட்டியது. என்ன தன்னடக்கம் என்று யாரோ சொன்னார்கள்.

"கை தட்டாதேங்கோ."

அதற்கும் தட்டினார்கள்.

"கை தட்டாதேங்கோ எண்டு சொல்லுறன்." அவருடைய குரலில் மைக் கீச்சிட்டது. அதோடு மண்டபம் அடங்கியது. "ஒன்பது வருஷம். ஒன்பது வருஷமா நான் ஒரு வரியைத் தூக்கிக்கொண்டு திரியிறன். பூச்சியத்தைப் பூச்சியத்தால பிரிச்சிருக்கினம் எண்டு சொல்லுறன். அது சரியெண்டால் உலகத்தில அரைவாசிப் பௌதிகம் விழும். பிழையெண்டால் நான் விசரன், பைத்தியக்காரன். ரெண்டில ஒண்டு. ஆராவது ஒராள் எழும்பி நிண்டு, மாஸ்டர் நீர் விசரன் எண்டு காரணத்தோடை சொல்லுங்கோ. எனக்குப் பொன்னாடை வேண்டாம். நான் பொன்னாடை வாங்கவோ பிறந்தனான்? ஒராள் வாசிச்சால் போதும். ஒரே ஒராள். இந்தத் தொண்ணூறு பேரில ஒருத்தருக்குக் கூடவோ ஏலாது?"

 சனம் தலையைக் குனிந்தது. வெட்கத்தால் இல்லை, விழாவில் ஒருவர் உண்மையாகப் பேசினால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குனிந்தது. கனகலிங்கம் நன்றியுரை சொல்பவருக்குச் சைகை காட்டினார்.

"மாஸ்டர், நான் வாசிச்சனான்."

குரல் குசினி யன்னலிலிருந்து வந்தது. எல்லாத் தலையும் திரும்பின. கையில் தேத்தண்ணித் தட்டோடு ஓர் இளம்பெண் நின்றாள். அச்சகத்து டொலறஸ். உதவிக்கு வந்திருந்தாள்.

"என்ன பிள்ளை சொன்னனி?"

"வாசிச்சனான். மூண்டு தரம். பதினாலாம் பக்கத்தில நீங்கள் ஒரு பிழை விட்டிருந்தனீங்கள்."

 மாஸ்டருடைய முகம் கறுத்து, சிவந்து, பிறகு ஒன்பது வருடத்தில் யாரும் கண்டிராத விதமாக மலர்ந்தது.

"மேலை வா பிள்ளை. தட்டை வைச்சிட்டு வா. வழி விடுங்கோ காணும் அந்தப் பிள்ளைக்கு."

மேடையின் மூலையில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை ஒன்று நின்றது. மாஸ்டர் சோக்கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீ எங்கை கணிதம் படிச்சனி?"

"மன்னாரில சோதினை எடுத்து யாழ்ப்பாணம் கம்பஸில ரெண்டு வருஷம். பிறகு ஏலாமல் போச்சு." அவள் பலகையில் சரிவாக ஒரு கோடு கீறினாள். "இது ஒளி போற பாதை. இந்தக் கோட்டில நிண்டால் ரெண்டு பக்கமும் பூச்சியந்தான். நீங்கள் சொல்லுற மாதிரி அங்கை பிரிக்க ஏலாது."

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

"ஆனால் மாஸ்டர், அந்தச் சமன்பாடு கோட்டுக்கு மட்டும் எழுதினதில்லை. எல்லாப் புள்ளிக்கும் எழுதினது." கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி வைத்தாள். "இஞ்சை நிண்டு பாருங்கோ. இஞ்சை ஒரு பக்கமும் பூச்சியமில்லை. இஞ்சை நிண்டு பிரிச்சால் அந்த 'இத்தனை' கிடைக்கும். கோட்டில பூச்சியத்துக்குப் பூச்சியம் சரியா வரவேணும் எண்டதுதான் நிபந்தனை. பிரிக்கிறது அங்கை இல்லை."

"அப்பிடியெண்டால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே 'இத்தனை'தான் வருமெண்டு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?" என்று மாஸ்டர் பாய்ந்தார். இருபத்தொரு வருடத்துக் குரல். முன்வரிசை நடுங்கியது. டொலறஸ் நடுங்கவில்லை.

"ரெண்டும் நேர்கோட்டுச் சமன்பாடு. ஒரே கோட்டில ரெண்டும் பூச்சியமாகுதெண்டால் ஒண்டு மற்றதின்ரை மடங்காத்தான் இருக்க ஏலும்."

"நிறுவு."

அவள் நிறுவினாள். மாஸ்டர் குறுக்கே விழுந்தார். அவள் மறுத்தாள். அவர் மேசையில் அடித்தார். அவள் அழித்துவிட்டு வேறு வழியால் நிறுவினாள். கால் மணித்தியாலம் இது நடந்தது. சனம் ஒவ்வொருவராக வடைக்கு எழும்பிப் போனது. பத்மநாதன் மட்டும் என்ன நடக்கிறது என்று விளங்காமல், ஆனால் விளங்கிய முகத்தோடு, தலையாட்டிக்கொண்டு இருந்தார்.

ஐந்தாவது தடவை மாஸ்டர் குறுக்கே விழவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக வந்து கதிரையில் இருந்தார்.

"சரி," என்றார். "நான்தான் விசரன்."

தோற்றுவிட்டார். வலித்தது, நன்றாகவே வலித்தது. ஆனாலும் கண் கலங்கியது வலியால் இல்லை. ஒருத்தி வாசித்திருக்கிறாள். மூன்று தரம் வாசித்திருக்கிறாள். பாலாம்பிகை மேடைக்கு ஏறி வந்து அவருடைய தோளில் கை வைத்தார். மாஸ்டர் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.

அடுத்த நிமிடம் அவருக்கு ஒன்று உறைத்தது. மேடையில் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். கோபம் திரும்பவும் ஏறியது.

"ஏன் பிள்ளை, உதை அச்சடிக்க முதல் செய்திருக்கக் கூடாதே? இப்ப முந்நூறு புத்தகத்திலையும் என்ரை பிழை நிக்குதே. கொண்டுபோறவன் எவனாவது ஒருத்தன் வாசிச்சால் என்ரை மானம் என்னாகிறது?"

டொலறஸ் சோக்கட்டித் தூளைப் பாவாடையில் துடைத்தாள். அவருடைய முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பிழையைக் கண்டால் திருத்தச் சொன்னனீங்களெண்டு அண்டைக்குப் போனில அன்ரி சொன்னவ, அதால அந்த வரியைத் திருத்தி, அதுக்கேத்த மாதிரிப் பின்னுக்கு வந்த அறுபது பக்கத்தையும் திருத்தி, முடிவுரையில ஐன்ஸ்டைன் பிழை எண்டு இருந்ததை ஐன்ஸ்டைன் சரி எண்டு மாத்தித்தானே அச்சுக்குக் குடுத்தனான், நீங்களும் இன்னும் வாசிக்கேல்லையே மாஸ்டர்?"